பொழுது சாய்ந்தால் கண் தெரியாத பிள்ளை: ஒரு புரதம் இவ்வளவு செய்யுமா?

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அக்கா மகனுக்கு 9 வயசு. பொழுது மசங்கினால் போதும், வாசப்படி தெரியாமல் முட்டிக்கொள்கிறான். சின்னதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் 2 வருஷமாகக் கொடுத்தாச்சு. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணில் ஏதோ கம்பி வைத்துப் பார்த்தார்கள், ரத்தமும் எடுத்து அனுப்பினார்கள். வெளிச்சத்தைப் பிடிக்கிற செல் நன்றாக இருக்கிறதாம், அதற்கு அடுத்த செல்லில் இருக்கிற ரிசெப்டர் புரதத்தில் பிறவிப் பிழையாம். காகிதத்தில் ஜிஆர்எம்6 என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு புரதம் இவ்வளவு செய்யுமா அண்ணாச்சி? இது மூளை வரைக்கும் போகுமா?”

செய்யும் தம்பி. பாளையங்கோட்டையில் 30 வருஷம் உடலியங்கியல் பாடம் நடத்தியவன் நான். வகுப்பில் பையன்கள் தூங்காமல் கேட்ட பாடங்களில் இது ஒன்று. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் முருங்கைக்கீரை. மாலைக்கண் என்றால் நம் ஊரில் அதுதான் முதல் மருந்து, அதில் தப்பே இல்லை. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று குச்சி செல்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமிக்கு வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் பொருள் வேண்டும். சத்துக் குறைந்தால் நிறமி குறையும், அந்தியில் கண் மங்கும். கொடுத்தால் சீக்கிரமே தெளியும். 2 வருஷம் கொடுத்தும் தெளியவில்லை என்றால் குறை அங்கே இல்லை. அந்த மாத்திரையை இனியும் தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வைட்டமின் ஏ கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மிஞ்சினால் கல்லீரலையே கெடுக்கும், மண்டைக்குள் அழுத்தத்தையும் ஏற்றும். கீரையைத் தாராளமாகச் சாப்பிடட்டும்.

இனி உங்கள் கேள்வி. குச்சி செல்லிடம் ஒரு விசித்திரக் குணம் உண்டு. வெளிச்சம் பட்டால் அது சத்தம் போடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. இருட்டில்தான் ஓயாமல் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் பட்டதும் வாயை மூடிக்கொள்ளும். (சைனீஸ் கடை ஃப்ரைட் ரைஸில் தூவுகிற அஜினமோட்டோவில் இருப்பதும் இதே குளுட்டமேட்தான். தட்டில் இருப்பது மூளைக்குள் ஏறாமல் தடுக்க ரத்தக்குழாய்ச் சுவரிலேயே காவல் இருக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம்.)

அடுத்து இருப்பது இருமுனை செல். இரண்டுக்கும் நடுவே நூல் நுழையாத இடுக்கு, அதைத்தான் சினாப்ஸ் என்கிறோம். குச்சி கொட்டும் குளுட்டமேட்டை இருமுனை செல்லின் முனையில் இருக்கும் ஏற்பிப் புரதம் பிடிக்கிறது. உங்கள் டாக்டர் சொன்ன ரிசெப்டர் இதுதான்.

கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டுகிறது. பந்தலில் இருப்பவர் அட்சதையை வீசுகிறார். பந்தி வைக்கிற இடத்தில் இருப்பவர் இலை போட ஓடுகிறார். மேளம் ஒன்று, கேட்டவர் செய்கிற காரியம் வேறு வேறு. குளுட்டமேட்டும் அப்படித்தான். அந்த ரசாயனத்துக்குள் “வெளிச்சம்” என்றோ “இருட்டு” என்றோ எதுவும் எழுதியிருக்கவில்லை. அதைப் பிடிக்கிற புரதம் என்ன செய்கிறதோ அதுதான் அர்த்தம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாக வரும்.

இருமுனை செல்லில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சியின் ஏற்பி நேரடி மடை. குளுட்டமேட் வந்து ஒட்டினால் மடை திறந்து, உப்பு அயனிகள் உள்ளே பாய்ந்து செல் விழித்துக்கொள்ளும். எல்லாம் ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குள். இருட்டில் குளுட்டமேட் அதிகம் என்பதால் இந்தக் கட்சி இருட்டுக்கு விழிக்கும். ஆஃப் செல் என்று பெயர்.

மற்றக் கட்சிதான் ஆன் செல், வெளிச்சத்துக்கு விழிப்பது. இதன் ஏற்பிக்கு எம்குளுஆர்6 என்று பெயர். அதைச் செய்கிற மரபணுதான் உங்கள் காகிதத்தில் இருக்கும் ஜிஆர்எம்6. இது தானே மடையாக இருப்பதில்லை. மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீர்க்கட்டி மாதிரி, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். கன்னடியன் கால்வாயில் மடையை அடைப்பதும் திறப்பதும் நீர்க்கட்டியின் கையில் இருந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள், கேட்டுப்பாருங்கள். குளுட்டமேட் வந்து தட்டிக்கொண்டிருக்கும்வரை இந்த நீர்க்கட்டி உள்ளே ஆள் அனுப்பி மடையை அடைத்தே வைத்திருப்பான். வெளிச்சம் பட்டு, குச்சி வாயை மூடி, குளுட்டமேட் வற்றினால் மடை திறக்கும். மடையின் பெயர் டிஆர்பிஎம்1. ஆக, வெளிச்சத்தில் மௌனமாகிற குச்சியின் செய்தியைத் தலைகீழாகத் திருப்பி, “வெளிச்சம் வந்துட்டு” என்று உரக்கச் சொல்கிற வேலை இந்த ஒற்றைப் புரதத்தினுடையது.

இப்படி ஒரு தனி ஏற்பி இருக்கிறது என்பது 1981-இல் ஒரு சாலமண்டர் இனத்தின் விழித்திரையில் துப்புக் கிடைத்த சங்கதி. ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை ஊற்றினால் ஆன் கட்சி மட்டும் மௌனமாயிற்று, ஆஃப் கட்சி அசையவில்லை. 1993-இல் ஜப்பானில் கியோட்டோவில் நகனிஷி குழுவினர் அந்த ஏற்பியின் மரபணுவைப் பிடித்தார்கள். 2 வருஷம் கழித்து அந்த மரபணு இல்லாத எலியையும் உண்டாக்கிப் பார்த்தார்கள். வெளிச்சத்துக்கு ஆன் கட்சி பதிலே சொல்லவில்லை.

பையனுக்குப் பகலில் தெரிகிறது, இரவில் தெரியவில்லை. அது ஏன் என்பதற்கும் இங்கேதான் விடை. பகலுக்கு உரிய கூம்பு செல்கள் ஆன், ஆஃப் இரண்டு கட்சிக்கும் செய்தி கொடுக்கும். ஆன் பழுதானாலும் ஆஃப் ஓரளவு தாங்கிவிடும். குச்சி செல்களோ பெரும்பாலும் ஆன் வகை இருமுனை செல்லையே நம்பி இருக்கின்றன. அந்த வாசல் அடைபட்டால் இரவுப் பார்வைக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஒரு கண்ணில் குச்சிகள் மட்டும் ஏறத்தாழ 12 கோடி. அத்தனையும் ஒழுங்காக வேலை செய்கின்றன, சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆன் கட்சியை மௌனமாக்குகிற அந்த வேதிப்பொருளை 1986-இல் குரங்குகளின் கண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். பகல் வெளிச்சத்திலேயே, பின்னணியைவிடப் பிரகாசமான புள்ளியைக் கண்டுபிடிக்கத் தடுமாறின. மங்கலான புள்ளியை மட்டும் வழக்கம்போலக் கண்டுபிடித்தன. அதனால் பையனுடைய பகல் பார்வையும் நூற்றுக்கு நூறு நம்மைப் போல இருக்கும் என்று எண்ண வேண்டாம். கரும்பலகையில் வெள்ளை எழுத்தைவிட வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து சுலபமாக இருக்கிறதா என்று அவனிடமே கேட்டுப்பாருங்கள். ஆளுக்கு ஆள் மாறும், கேட்டால்தான் தெரியும்.

கம்பி வைத்துப் பார்த்தது விழித்திரையின் மின்வரைபடம், ஈஆர்ஜி என்பார்கள். இருட்டறையில் உட்காரவைத்து, பிறகு பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிப்பார்கள். கோடு முதலில் ஒரு பள்ளம் இறங்கும், அது குச்சி, கூம்புகளின் பதில். உடனே ஒரு மேடு ஏறும், அது ஆன் இருமுனை செல்லின் பதில். இவனுக்குப் பள்ளம் இருக்கும், மேடு இருக்காது. 1952-லேயே ஷூபர்ட், போர்ன்ஷைன் என்ற இரண்டு பேர் இந்த வடிவத்தை எழுதி வைத்துவிட்டார்கள். புரதத்தின் பெயர் தெரிய இன்னும் 40 வருஷம் ஆனது.

டாக்டர் சொல்லியிருப்பார், இருந்தாலும் நானும் அழுத்திச் சொல்கிறேன்: இது வளர்கிற நோய் கிடையாது. பிறந்தபோது இருந்த அளவிலேயே பெரும்பாலும் நிற்கும். குச்சி செல்களே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, பார்வை சுற்றிலும் சுருங்கிக்கொண்டே வருகிற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா வேறு. அதற்கும் முதல் அறிகுறி மாலைக்கண்தான், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற கதையையெல்லாம் இவன்மேல் ஏற்றிப் பயப்படாதீர்கள். கிட்டப்பார்வை கடுமையாக இருப்பதும், சிலருக்குக் கண்மணி ஆடுவதும் இந்தப் பிறவிக் குறையோடு சேர்ந்தே வருவன.

அக்காவையும் மச்சானையும் பற்றி ஒரு வார்த்தை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஜிஆர்எம்6 பிழை தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் குறை தெரியும். ஒரே தாத்தாவிடமிருந்து இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம். அடுத்த பிள்ளைக்கும் ஒவ்வொரு பேறிலும் 4-இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தம் இல்லாத வீடுகளிலும் இது வரும். ஆகவே கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், அக்காவைக் குத்திக்காட்ட அதை எடுக்காதீர்கள். இதே குறை என்ஒய்எக்ஸ் என்ற மரபணுவாலும் வரும். அது தாய்வழி வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத்தான் பிடிக்கும். அந்தப் புரதத்துக்கு மடையை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கிற வேலை. நீர்க்கட்டி இல்லாவிட்டாலும் சரி, மடை இல்லாவிட்டாலும் சரி, மடையைத் தாங்குகிற கல் இல்லாவிட்டாலும் சரி, வயலுக்குத் தண்ணீர் இல்லை.

அந்த டிஆர்பிஎம்1 தோலின் நிறச் செல்லிலும் இருக்கிறது. அமெரிக்காவில் அப்பலூசா என்று புள்ளிபுள்ளியாக ஒரு குதிரை இனம் உண்டு. புள்ளிக்கான மரபணு இரண்டு பிரதியும் வாய்த்த குதிரைக்கு இரவில் கண் தெரியாது. புள்ளியைத் தருவதும் மாலைக்கண்ணைத் தருவதும் ஒரே பிழை. தோல் புற்றுநோய் வந்த சிலருக்கு, புற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் விழித்திரையில் இருக்கும் இந்த மடையையும் அடையாளம் தெரியாமல் தாக்கி, நடுவயதில் திடீரென்று மாலைக்கண் வருவதுண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சரி, மூளை வரைக்கும் போகுமா என்று கேட்டீர்கள்.

இருமுனை செல்லிலிருந்து மூளை போகும் வழியெல்லாம் சினாப்ஸ்தான், ஒவ்வொன்றிலும் ஏற்பிதான். அவற்றில் பாதி கதையைக் கண்டுபிடிக்க உதவியவை இரண்டு விஷக்காய்கள். இரண்டும் நம் மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கத்துச் சரக்கு. ஒன்று எட்டி. அதன் கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின், கிளைசின் என்ற அடக்கும் ரசாயனத்தின் ஏற்பியை அடைத்துவிடும், உடம்பு வில்லாக வளைந்து இழுப்பு வரும். அதே ஸ்ட்ரிக்னினைத் துளியளவு விழித்திரையில் விட்டுத்தான், கிளைசின் ஏற்பி அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். குச்சிகளின் இரவுச் செய்திக்கு மூளைவரை சொந்தச் சாலை கிடையாது. நடுவில் ஓர் இடைச்செல் வழியாகக் கூம்புகளின் பகல் சாலையில்தான் வந்து சேர்கிறது. ஆன் சாலையில் நேரடி இணைப்பாகவும், ஆஃப் சாலையில் கிளைசின் வழியாகவும் ஏறுகிறது. அம்பாசமுத்திரத்து மினி பஸ் பாபநாசம் பெரிய ரோட்டில் வந்து ஏறுகிற மாதிரி.

இன்னொன்று காக்கைக்கொல்லி விதை. ஆற்றில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்டது. அதில் இருக்கும் பிக்ரோடாக்சின், காபா என்கிற இன்னொரு அடக்கும் ரசாயனத்தின் ஏற்பியை அடைக்கும். முயலின் விழித்திரையில் சில செல்கள் இடமிருந்து வலம் போகிற பொருளுக்கு மட்டும் பதில் சொல்லும், வலமிருந்து இடம் வந்தால் பேசாது. 1965-இல் பார்லோ, லெவிக் என்ற இரண்டு பேர் இதை விளக்கினார்கள். பிறகு 1970-களில் பிக்ரோடாக்சினைக் கொடுத்துப் பார்த்தபோது அதே செல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கத்தியது. திசையைக் காட்டுவது இன்னொரு செல் சரியான நேரத்தில் போடுகிற தடை. ஆடு குறுக்கே ஓடும்போது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நமக்குச் சட்டென்று தெரிகிறதே, அதிலும் இப்படியான அடக்கும் ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு.

நடுவே தலாமஸ் என்ற கேந்திரத்தைத் தாண்டினால், பின்மண்டையில் பார்வைப் புறணி, அதாவது பார்வைக்கு உரிய மூளையின் மேலடுக்கு. ஹூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1950-களின் கடைசியில் பூனையின் புறணியில் ஊசி நட்டு, புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டிக் காட்டி அலுத்துப்போனார்கள். செல் பேசவே இல்லை. கண்ணாடிச் சில்லை மாற்றும்போது அதன் ஓரத்து நிழல் கோடாக விழுந்தது, செல் படபடவென்று வெடித்தது. அதற்குப் புள்ளி பிடிக்காது, குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு வேண்டும். அந்தச் சாய்வுப் பிடிவாதத்தில் காபா ஏற்பிக்கும் பங்கு உண்டு. 1975-இல் சில்லிட்டோ என்ற ஆய்வாளர் அதை அடைத்தபோது பல செல்கள் எந்தச் சாய்வானாலும் சரி என்று தளர்ந்துவிட்டன.

உங்கள் பையனுக்கு உண்மையில் முக்கியமானது இனிமேல் வருவது. புறணியில் குளுட்டமேட்டுக்கு இரண்டு முக்கியமான ஏற்பிகள். ஆம்பா வேகமான மடை, வந்ததும் திறக்கும். என்எம்டிஏ அப்படி லேசில் திறக்காது. கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவியை இரண்டு பேரிடம் கொடுத்து வைப்பார்களே, அது மாதிரி. குளுட்டமேட்டும் வர வேண்டும், அதே நேரத்தில் அந்தச் செல் ஏற்கெனவே விழித்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் வாயை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே போகும். போனால் அந்த சினாப்ஸில் ஆம்பா ஏற்பிகள் கூடும், இணைப்பு பலப்படும். சேர்ந்து பேசுகிற செல்கள் இப்படித்தான் உறவாகின்றன.

1963-இல் அதே ஹூபெல், வீசல் பூனைக்குட்டியின் ஒரு இமையைத் தைத்து வைத்து, மாதக்கணக்கில் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. புறணியோ அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்கவே மறந்துவிட்டது. 1981-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த வேலைகளில் இதுவும் சேர்ந்தது. 1987-இல் என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டு இதையே செய்தபோது புறணி மாறவில்லை. ஆக, மறப்பதற்கும் அந்த ஏற்பி வேண்டியிருக்கிறது. பிறகு எலிகளில் பார்த்தார்கள்: மூடிய கண்ணுக்குரிய சினாப்ஸ்களில் ஆம்பா ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. கடையில் சரக்கு எடுக்க ஆள் வராவிட்டால் பலகையை உள்ளே எடுத்து வைக்கிறார்கள் இல்லையா, அப்படி.

வயசு ஏறினால் இந்த மாற்றம் கடினப்படும். அதற்கும் ஏற்பிதான் ஒரு காரணம். குட்டிப் பருவத்தில் என்எம்டிஏ ஏற்பியின் ஒரு பாகம் அதிக நேரம் திறந்திருக்கிற வகை, பார்க்கப் பார்க்க அது சட்டென்று மூடுகிற வகையாக மாறுகிறது. இருட்டிலேயே வளர்த்த எலிக்குட்டிகளில் இந்த மாற்றம் தள்ளிப்போகிறது, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. புறணி இப்படி இளக்கமாக இருக்கிற பருவம் தொடங்குவதில் காபா ஏற்பிக்கும் பங்கு உண்டு. அதற்கு வலுவூட்டுகிற டயசிபாம் மருந்தால் எலிகளில் அந்தப் பருவத்தை முன்கூட்டியே தொடங்க வைத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள். அது எலிக்குச் செய்த சோதனை.

நம் பக்கத்தில் “மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்லா, விடுங்க” என்று சொல்வது இன்னும் இருக்கிறது. எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். மாறுகண்ணோடு விட்டுவைத்த பிள்ளைக்குப் புறணி ஒரு கண்ணைத் தள்ளிவைத்துவிடும். நல்ல கண்ணை மூடி, சோம்பல் கண்ணைப் பார்க்க வைக்கிற சிகிச்சை சின்ன வயசில் நன்றாகப் பலிக்கும், வயசு ஏற ஏறப் பலன் குறையும். அதிர்ஷ்டம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

உங்கள் மருமகனுக்கு மாறுகண் இல்லை என்றாலும் கண்ணாடி இருக்கிறது. அவன் விழித்திரையில் இருக்கும் ஜிஆர்எம்6 பிழையைச் சரிசெய்ய இன்றைக்கு மனிதருக்கு நடைமுறைக்கு வந்த சிகிச்சை இல்லை. இதே குறையின் சில வகைகளுக்கு எலிகளில் மரபணுவை ஊசியில் செலுத்திக் கொஞ்சம் பலன் பார்த்திருக்கிறார்கள். அங்கே உங்கள் கையில் ஒன்றும் இல்லை. பின்மண்டையில் இருக்கும் ஏற்பிகளோ 9 வயசில் இன்னும் இளக்கமாகத்தான் இருக்கின்றன. தெளிவான உருவம் போய்க்கொண்டிருந்தால் அவை கடையைத் திறந்து வைத்திருக்கும். சோடாபுட்டி என்று பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அவன் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தால், மங்கல் உருவத்துக்கே புறணி பழகிவிடும், பிறகு கண்ணாடி போட்டாலும் தெளிவு முழுசாக வராது. ஆகவே எழுந்ததிலிருந்து படுக்கிறவரை கண்ணாடி. 6 மாதத்துக்கு ஒருமுறை பவர் பார்த்து மாற்றுங்கள்.

மீதி எல்லாம் வீட்டுச் சங்கதி. மாடிப்படியிலும் கழிப்பறைப் போகிற வழியிலும் இரவு முழுக்க ஒரு விளக்கு. பையில் சின்ன டார்ச். வகுப்பில் ஜன்னல் பக்கம், முன் பெஞ்ச், டீச்சரிடம் ஒரு வார்த்தை. சாயங்காலம் கால்வாய்க் கரையில் சைக்கிள் வேண்டாம். பெரியவனானதும் ராத்திரி பைக் ஓட்டக் கூடாது என்பதை இப்போதே பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள், 18 வயசில் சொன்னால் கேட்க மாட்டான். ஈஆர்ஜி கோட்டையும் மரபணுக் காகிதத்தையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வேறு ஊரில் புதிதாக ஒரு டாக்டர் பார்த்து முதலிலிருந்து வைட்டமின் மாத்திரை எழுதினால் எடுத்துக் காட்டலாம்.

நெல்லையப்பர் ஆனித் தேருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. தேர் காலையில்தான் வடம் பிடிக்கிறது, நன்றாகத் தெரியும். இருட்டுக்கடையில் அல்வா வாங்க சாயங்காலம்வரை ரத வீதியில் நிற்பதாக இருந்தால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.